சார்ஜன் ஏரம்புவின் வாள்

அத்தியாயம் ஐந்து

பொய்யில் பல வகை உண்டு. படுக்கையில் கிடந்தபடி "இந்தா, சந்தியடிக்கு வந்திட்டன்" என்று போனில் சொல்வது ஒரு வகை. அதை நானும் சொல்வேன். அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு வைத்து, செத்துப்போனவர்களின் வாயில் திணித்து வெளியிடும் பொய் இன்னொரு வகை. அதைக் கண்டால் எனக்குக் குமட்டும். அன்றைக்குக் காலையில் எங்கள் மேசைமேல் கிடந்தது அந்த இரண்டாவது வகை.

'வட இலங்கைத் தொண்டர் காலாட்படை: ஒரு வீர வரலாறு.'

அட்டையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். சீருடை போட்ட ஒரு மனிதர் இடுப்புவரை தெரிகிறார். தலை சற்றுக் குனிந்திருக்கிறது. முகத்தில் மெல்லிய சிரிப்பு. வலது கையில் ஏதோ ஒன்றின் பிடி. அவரைச் சுற்றி வெண்புகை. பின்னால் சிவப்பு நெருப்பு, வானத்தில் இரண்டு விமானங்கள். கீழே இப்படி எழுதியிருந்தது: 'போர்ப் புகை நடுவே வாளேந்தி நிற்கும் சார்ஜன் ஏரம்பு.'

"அக்கா, விமானத்தை வாளாலை என்னெண்டு வெட்டினவர்? ஏணி வைச்சோ?" என்று கேட்டேன்.

"வாயை மூடும் ஜெறோம். வந்திருக்கிற அம்மா கதைக்கட்டும்," என்றார் பத்மாசினி அக்கா.

பத்மாசினி அக்கா முன்பு ஒரு காப்புறுதிக் கொம்பனியில் இருந்தவர். தானாக எரிந்த கடை, தானாகக் கவிழ்ந்த லொறி, ஆள் இல்லாமலே களவுபோன நகை எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, "இது பொய்" என்று எழுதிக்கொடுப்பதுதான் வேலை. இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியாக அதே வேலையைச் செய்கிறார். பலாலி வீதியில் பஸ் போகும்போதெல்லாம் எங்கள் மேசை ஆடும். நான் ஜெறோம். ஓட்டோ என்னுடையது, மூளை அவருடையது. வாய் காட்டுவது மட்டும் என் சொந்தப் பொறுப்பு.

எதிரே இருந்தவர் மரியநாயகி அம்மா. குருநகர்க்காரர். எழுபதைத் தாண்டியிருப்பார். வந்ததிலிருந்து கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"மடிச்சு வைச்ச பக்கத்தைப் பிரிச்சு நீங்களே வாசியுங்கோ தம்பி. நான் வாசிச்சால் நெஞ்சை அடைக்கும்," என்றார்.

வாசித்தேன். "'விமானத் தாக்குதல் அபாயச் சங்கு ஒலித்ததும், குருநகரைச் சேர்ந்த சிப்பாய் சந்தியோகு துப்பாக்கியை வீசி எறிந்துவிட்டு ஓட்டம் பிடித்தான். துறைமுக வெடிமருந்துக் களஞ்சியத்தைக் காக்கத் தனியொருவராக வாளை உருவி நின்றார் சார்ஜன் ஏரம்பு. இதனை அவரே தம் குடும்பத்தாருக்குப் பலமுறை கூறியுள்ளார்.'"

"சந்தியோகு என்ரை அப்பா," என்றார் மரியநாயகி அம்மா. "இதை எழுதினவர் தன்ரை அப்பப்பாவுக்கு 'நின்றார்' எண்டு எழுதியிருக்கிறார். என்ரை அப்பாவுக்கு 'ஓட்டம் பிடித்தான்' எண்டு எழுதியிருக்கிறார். பாத்தியளோ தம்பி? அடுத்தடுத்த வரியிலை ஒராளுக்கு 'ர்', மற்றாளுக்கு 'ன்'."

நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அந்தப் பக்கத்தைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

தொண்டர் படை என்றால் கோயில் திருவிழாவில் கயிறு பிடிக்கும் தொண்டர்கள் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்து ஒதுக்குப் படை அது. கிழமை நாட்களில் வாத்தியாராகவும் கிளாக்கராகவும் இருப்பவர்கள் சனிக்கிழமை பின்னேரம் காக்கி போட்டுத் துவக்குத் தூக்குவார்கள். கப்டன், மேஜர் எல்லாம் வெள்ளைக்காரர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் துறைமுகக் காவலுக்கு ஆள் காணாமல் குருநகர்க் கடற்றொழிலாளரையும் சேர்த்தார்கள். போர் முடிந்ததும் "போட்டு வாங்கோ" என்று கலைத்துவிட்டார்கள். இவ்வளவுதான் அதன் வரலாறு. இதை ஒரு தலையணைப் பருமனுக்கு ஊதியிருந்தார் உரும்பிராயைச் சேர்ந்த கோகுலன். லண்டனில் எஞ்சினியராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர், சார்ஜன் ஏரம்புவின் பேரன்.

"வெளியீடு எப்ப அம்மா?" என்று கேட்டார் அக்கா.

"நாளைக்கு. ஆனால் புத்தகம் முதலே ஊரெல்லாம் குடுத்திட்டார். எங்கடை கடற்றொழிலாளர் சங்க மண்டபத்துக்கு அப்பாவின்ரை பேர்தான். புயலுக்கை வள்ளம் கவிண்டு கிடந்த ஆக்களைத் தனியாப் போய்க் கரைசேத்தவர் எண்டு சனம் வைச்ச பேர். இப்ப கமிட்டியிலை, கோழையின்ரை பேர் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கினம். நாளைக்குப் பின்னேரம் கூட்டம். பலகையைக் கழட்டப் போகினம்."

"அப்பா ஓடேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

மரியநாயகி அம்மா பத்மாசினி அக்காவை நேராகப் பார்த்தார்.

"தெரியாது. நான் அப்ப பிறக்கேல்லை. படையிலை இருந்தது மெய். அவையின்ரை சப்பாத்து போட்டுக் கால்விரல் வளைஞ்சு போச்செண்டு சாகுமட்டும் ஏசினவர். ஓடினவரோ இல்லையோ எண்டதை நீங்கள்தான் கண்டுபிடிச்சுத் தரவேணும். ஓடினது மெய்யெண்டால் மெய்யெண்டே சொல்லுங்கோ. பலகையை நானே போய்க் கழட்டுறன்."

அக்கா ஒரு தோடம்பழ இனிப்பை உரித்து வாயில் போட்டார். அது நல்ல அறிகுறி. வழக்குப் பிடிக்காவிட்டால் பால் விடாத பிளேன்ரீதான் கேட்பார்.

"ஜெறோம், சந்தியோகு ஓடினதைப் பாத்த சாட்சி ஆர்?"

"ஏரம்பு."

"வேறை?"

"வேறை ஒருத்தரும் இல்லை. வாளும் விமானமும் மட்டும்தான்."

"அப்ப நாங்கள் சந்தியோகுவைத் தேடத் தேவையில்லை. ஏரம்பு அங்கை நிண்டவரோ எண்டதைப் பாப்பம்."

புத்தகத்தைப் புரட்டி ஒரு கூட்டப் படத்தில் நிறுத்தினார். துறைமுகக் காவல் பிரிவு முழுவதும் வரிசையாக நிற்கிறது. எல்லோர் காலிலும் சப்பாத்து. முன்வரிசையில் இருக்கும் மூவரின் சட்டைக் கையில் சார்ஜனுக்குரிய மூன்று பட்டிகள் தைத்திருக்கின்றன. கீழே பழைய எழுத்தில் எல்லோருடைய பெயரும், 'பிரிவின் மூன்று சார்ஜன்களும் முன்வரிசையில்' என்ற குறிப்பும் இருந்தன.

"மூண்டு பேரின்ரை பேரையும் வாசியும்."

வாசித்தேன். ஒருவரும் ஏரம்பு இல்லை.

"ஏரம்பு நாலாவது சார்ஜனோ அக்கா? ஸ்பெயார் ரயர் மாதிரி?"

"இப்ப அட்டைப்படத்தைப் பாரும். கையிலை பட்டி இருக்கோ?"

இல்லை. பட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. கழுத்துப்பட்டியில் மட்டும் இரண்டு பக்கமும் ஆங்கில எஸ் எழுத்து. அதற்கும் உள்ளே விளக்கம் எழுதியிருந்தார் கோகுலன். எஸ் என்றால் சார்ஜனாம்.

"அப்ப ரெண்டு எஸ் எண்டால் ரெண்டு தரம் சார்ஜனோ?" என்றேன். "இந்த மனுசன் தான் எழுதின புத்தகத்தைத் தானே வாசிக்கேல்லைப் போலை."

மரியநாயகி அம்மா கூட்டப் படத்தின் கடைசி வரிசைக்கு விரலைக் கொண்டுபோனார். ஓரத்தில் ஓர் இளைஞன் ஒரு காலைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி நின்றான். சப்பாத்து கடித்திருக்க வேண்டும்.

"அப்பா," என்றார்.

அட்டைப்படத்தைத் தயாரித்த ஸ்ரூடியோவின் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மூன்று பேரும் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம்.

ஸ்ரூடியோவை நடத்துபவர் றஜனி. கனடா போகும் ஒருவருக்குக் கடவுச்சீட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த அட்டைப்படம் நீங்கள் செய்ததோ?" என்று கேட்டார் அக்கா.

றஜனி புத்தகத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். "செய்தது நான்தான். தயவுசெய்து வெளியிலை சொல்லாதேங்கோ அக்கா. அந்த நெருப்பு வேண்டாம் எண்டனான். விமானம் ஒண்டு போதும் எண்டனான். இல்லை, ரெண்டு வேணும் எண்டு நிண்டவர். மூண்டு கேக்காமல் விட்டது என்ரை புண்ணியம்."

"புகை?"

"புகை நான் போடேல்லை. அது படத்திலேயே கிடந்தது."

பத்மாசினி அக்காவின் வாயில் இனிப்பு உருளுவது நின்றது.

"மூலப்படம் முழுசா எப்பிடி இருந்தது?"

"நான் பாக்கேல்லை. பிறேம் போட்டுத்தான் கொண்டு வந்தவர். கீழ்ப்பாதியைக் கறுப்பு மட்டையாலை மூடியிருந்தது. உள்ளை என்ன இருக்கு எண்டு கேட்டன். மட்டை ஒட்டிக் கிடக்கு, இழுத்தால் படம் கிழிஞ்சுபோம், தொடக்கூடாது எண்டவர். மேல்பாதியை மட்டும்தான் நான் பிரதி எடுத்தனான்."

"கையைப் பெரிசாக்கிக் காட்டுங்கோ."

கணினித் திரையில் ஏரம்புவின் வலது கை பெரிதாகியது. வாளின் பிடி என்று புத்தகம் சொன்ன பொருள் ஒரு தடி. விரலைக் காக்கும் வளையம் இல்லை. கறுப்பு மட்டைக்குள் மறையும் இடத்துக்குச் சற்று மேலே தடித்த வளையம் போல ஒரு கணு தெரிந்தது.

"மூங்கில்," என்றேன். "மூங்கிலிலை வாள் செய்தவையோ? படையிலை அவ்வளவு கஷ்டமோ?"

பத்மாசினி அக்கா திரையைப் பார்த்தபடி சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஜெறோம், உம்மடை வீட்டிலையும் உப்பிடி ஒரு வாள் இருக்கு."

"என்ரை வீட்டிலையோ? சத்தியமா இல்லை அக்கா."

"இருக்கு. உம்மடை மனுசியைக் கேளும். ஓட்டோவை எடும், உரும்பிராய்க்குப் போவம்."

கோகுலனின் வீட்டுக் கேற்றுக்கு இரண்டு பக்கமும் சீமெந்தில் செய்த குட்டிப் பீரங்கிகள் இருந்தன. ஒன்றின் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. வாசலில் மார்பிள், உள்ளே மார்பிள், படிகூட மார்பிள். கோகுலன் வெளியே வந்தபோது அவருடைய கோட்டில் ஒரு பதக்கம் தொங்கியது. நாளைய விழாவுக்குப் போட்டுப் பார்க்கிறாராம். யார் கொடுத்த பதக்கம் என்று நான் கேட்டதற்கு, லண்டனில் ஒரு கடையில் செய்வித்ததாகப் பெருமையோடு சொன்னார்.

"உங்கடை அப்பப்பாவின்ரை படத்தைப் பாக்க வந்தனாங்கள்," என்றார் அக்கா.

கோகுலனின் முகம் மலர்ந்தது. "வாங்கோ, வாங்கோ. ஆர் பேப்பர்க்காரரோ?" என்றவர் பின்னால் நின்ற மரியநாயகி அம்மாவைப் பார்த்தார். "உவ ஆர்?"

"குருநகர். மரியநாயகி அம்மா."

"அப்ப உவ வெளியிலை இருக்கட்டும். பிளாஸ்ரிக் கதிரை கிடக்கு, காத்தும் நல்லா வரும்."

காற்று. குருநகர் என்று கேட்டதும் வந்த காற்று. எந்த நூற்றாண்டுக் காற்று அது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பத்மாசினி அக்கா மரியநாயகி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விறாந்தையைத் தாண்டி நேரே உள்ளே போய்விட்டார். பின்னாலேயே வருவதைத் தவிரக் கோகுலனுக்கு வேறு வழியில்லை.

மண்டபத்தின் நடுச்சுவரில் தேக்குப் பிறேமுக்குள் ஏரம்பு சிரித்துக்கொண்டிருந்தார். கீழ்ப்பாதி கறுப்பு மட்டை.

"சின்னச் சந்தேகம்," என்றார் அக்கா. "கூட்டப் படத்திலை உங்கடை அப்பப்பா இல்லையே?"

"அண்டைக்கு அவர் லீவு."

"மூண்டு சார்ஜன்களும் எண்டு போட்டிருக்கு."

"பழைய எழுத்து. பிழையா எழுதியிருப்பினம்."

"சரி, விடுவம். வீட்டிலை, ஊரிலை அவரை என்னெண்டு கூப்பிட்டவை? சார்ஜன் எண்டோ?"

"இல்லை, எல்லாரும் கப்டன் எண்டுதான்..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார்.

"கப்டனோ?"

"அது ஒரு மரியாதைக்கு."

"உங்கடை புத்தகத்திலை எல்லாக் கப்டன்மாரின்ரை பேரும் கிடக்கு. எல்லாரும் வெள்ளைக்காரர். அதுக்குள்ளை ஏரம்பு எண்டு ஒரு பேரைச் சேத்தால் பிடிபட்டுப் போம். அதாலை அவரைச் சார்ஜன் ஆக்கிப்போட்டியள்."

"பதவி இறக்கம்," என்றேன் நான். "செத்த பிறகு பேரனாலை பதவி இறங்கின ஒரே வீரர் இவர்தான்."

கோகுலனின் கழுத்து சிவந்தது. "நீங்கள் ஆர்? ஆர் உங்களை அனுப்பினது?"

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "வெள்ளைக்காரன் காலத்திலை, பட்டியும் துவக்கும் இல்லாத ஒரு தமிழனுக்குக் கப்டன் பதவி குடுத்த சேனை எது? கழுத்திலை ரெண்டு பக்கமும் எஸ் குத்தின சேனை எது? நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை கண்டிருக்கிறன். அதிலையும் கப்டன் இருக்கு, மேஜர் இருக்கு, சீருடை இருக்கு, பாண்டு வாத்தியம் இருக்கு. துவக்கு மட்டும் இல்லை."

"இரட்சணிய சேனை!" என்று கத்திவிட்டேன்.

"ஓம். சல்வேஷன் ஆமி, ஏழையளுக்கு உதவுற கிறிஸ்தவ சேனை. எஸ் அதுக்குத்தான்." அக்கா சுவரை நெருங்கினார். "மட்டைக்குக் கீழை என்ன இருக்கு எண்டும் சொல்லட்டோ?"

"தொடாதேங்கோ! ஒட்டிக் கிடக்கு, படம் கிழிஞ்சுபோம்!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் பிறேமைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பின்பலகையைத் திறந்தேன். கறுப்பு மட்டை தானாக நழுவி நிலத்தில் விழுந்தது. ஒரு சொட்டுப் பசைகூட அதில் இல்லை. இதிலுமா பொய் என்று நினைத்தேன்.

படம் முழுதாகத் தெரிந்தது. மாட்டுவண்டில் ஒன்று. அதன்மேல் ஒரு பெரிய சமையல் கிடாரம், அதிலிருந்து எழும்பும் ஆவி. போர்ப் புகை என்று அட்டையில் போட்டது அந்த ஆவியைத்தான். கிடாரத்துக்கு மேலே நீண்ட மூங்கில் பிடியின் மறுநுனியில் இருந்தது ஒரு தேங்காய்ச் சிரட்டை. அது ஓர் அகப்பை. என் வீட்டிலும் அது இருக்கிறது, பத்மாசினி அக்கா சொன்னது சரிதான். வண்டிலைச் சுற்றி எலும்பும் தோலுமான பிள்ளைகள், கையில் தகர ரின்னும் சிரட்டையுமாக. ஏரம்பு வெறுங்காலோடு நின்று அவர்களைப் பார்த்துத்தான் குனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் சாய்த்து வைத்த மேளத்தில் இரட்சணிய சேனை என்று எழுதியிருந்தது.

"மாதாவே!" என்றார் மரியநாயகி அம்மா. "கஞ்சிக் கப்டன்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"கஞ்சிக் கப்டன் எண்டு அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளந்தனான். சண்டைக் காலத்திலை கடலுக்குப் போக விடேல்லையாம். அரிசியும் இல்லையாம். அப்பேக்கை வண்டிலிலை கிடாரத்தை ஏத்தி, மேளம் அடிச்சுக்கொண்டு ஒராள் குருநகருக்கு வருவாராம். ஆர் எவர் எண்டு கேக்காமல் ஊத்துவாராம். ஊத்தி முடிஞ்ச பிறகு தானும் சனத்தோடை குந்தியிருந்து குடிப்பாராம். அப்பாவும் சனிக்கிழமையிலை படையாலை வந்து, அந்தச் சப்பாத்துக் காலோடை வண்டிலைத் தள்ளிவிடுவாராம். எங்கடை படையிலை இருந்த கப்டன்மார் ஒருத்தரும் எங்களைப் பாத்துச் சிரிச்சதில்லை, உவர் ஒராள்தான் சிரிச்சவர் எண்டு சொல்லுவார்." அவர் கோகுலனைப் பார்த்தார். "உவரோ உங்கடை அப்பப்பா? உவரோ என்ரை அப்பாவைக் கோழை எண்டு சொன்னவர்?"

கோகுலன் கதிரையில் இருந்துவிட்டார். பதக்கம் வயிற்றில் மடங்கிக் கிடந்தது.

"சொல்லும்," என்றார் அக்கா. அவருடைய 'சொல்லுங்கோ' மரியாதை இறங்கி 'சொல்லும்' ஆகியிருந்தது. "சொல்லாட்டில் நாளைக்கு உம்மடை விழாவிலை முன்வரிசையிலை இருந்து நான் கேப்பன். இந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு அடிச்சுக்கொண்டு வருவன்."

"அவர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை," என்றார் கோகுலன்.

"அப்ப ஆர் சொன்னது?"

"ஒரு வீரனைக் காட்டவேணும் எண்டால் பக்கத்திலை ஒரு கோழையும் வேணும்தானே. கூட்டப் படத்திலை கடைசி வரிசையிலை, கடைசியாக் கிடந்த பேரை எடுத்தனான். குருநகர்ப் பேர். அங்கையிருந்து ஆர் வந்து கேக்கப் போகினம் எண்டு நினைச்சன்."

இதற்குப் பிறகு இந்த ஆளுக்கு 'ர்' போட எனக்கு மனம் வரவில்லை. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனி அவன் என்றுதான் எழுதுவேன்.

மரியநாயகி அம்மா அழவில்லை. "வேறை காரணம் இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். "அப்பா உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

அவன் குனிந்து மடங்கிக் கிடந்த பதக்கத்தை நேராக்கினான்.

"கிடாரத்தோடையே படத்தைப் போட்டிருக்கலாமே," என்றேன். "பசிச்ச பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்தின அப்பப்பா. இதைவிட என்ன வேணும் உங்களுக்கு?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். முகம் முழுக்க உண்மையான கோபம். அன்றைக்கு அந்த வீட்டில் நான் கண்ட முதல் உண்மை அதுதான்.

"உங்களுக்கு என்ன தெரியும்? கண்ட கண்ட இடத்துக்குப் போய், கண்ட கண்ட ஆக்களுக்கு ஊத்தி, அவையோடை குந்தியிருந்து தானும் குடிச்ச மனுசன்! எங்கடை குடும்பத்துக்கு அவர் செய்த அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக் கிணத்திலை தண்ணி அள்ளக்கூட அவரை விடேல்லை, தெரியுமோ? அதை எழுதச் சொல்றியளோ? என்ரை பிள்ளையளின்ரை மாமன் மாமி வாசிப்பினம்!"

கண்ட கண்ட ஆக்கள். அந்த ஆக்களில் ஒருவரின் மகள் அவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவனுக்கு அது உறைக்கவேயில்லை. ஆளைக் கொல்லும் வாளைத் தாத்தாவின் கையில் கொடுக்க அவனுக்குப் பெருமை. அவரே விரும்பிப் பிடித்த அகப்பை அவனுக்கு வெட்கம். என் தொழிலில் குடிகாரனை ஏற்றியிருக்கிறேன், ஓட்டோவுக்குள் வாந்தி எடுத்தவனைக் கழுவியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத அருவருப்பு அன்றைக்கு வந்தது.

"போனை எடும்," என்றார் அக்கா. "குருநகர்ச் சங்கத் தலைவர் யாகப்பு. இலக்கம் நான் சொல்றன். எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடும்."

மறுமுனையில் கடல் காற்றோடு யாகப்புவின் குரல் வந்தது. கோகுலன் தொண்டையைச் செருமினான்.

"சந்தியோகுவைப் பற்றி நான் எழுதினது... அது பிழையான தகவல்."

"பிழையெண்டால் என்ன பிழை? ஓடேல்லையோ?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா இனிப்பை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஓடேல்லை. அது நான் இட்டுக்கட்டினது."

யாகப்பு ஒரு சொல் சொன்னார். அதை இங்கே அச்சில் போட முடியாது. எனக்கு அது இனித்தது.

"பலகை இருந்த இடத்திலேயே இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மரியநாயகி அம்மா அன்று முதன்முறையாகக் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கோகுலன் நெற்றியைத் துடைத்தான்.

"வெளியீட்டைப் பின்போடுறன். அந்த அத்தியாயத்தை முழுசா எடுத்துப்போடுவன். ரெண்டு பேரின்ரை பேரும் வராது. காணுமோ?"

"உம்மடை அப்பப்பாவின்ரை பேருமோ?" என்றார் அக்கா. "மெய்யான கதை இப்ப கையிலை இருக்கு. அதை எழுதலாமே."

"மாட்டன். உப்பிடி ஒரு அப்பப்பா இருந்ததைவிட ஒருத்தரும் இல்லாதது நல்லது."

அவன் மனம் கொஞ்சமாவது இளகும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைவிட முட்டாள் யாழ்ப்பாணத்தில் இல்லை.

மரியநாயகி அம்மா எழும்பி யன்னலடிக்குப் போனார். படத்தைக் கையில் எடுத்தார். கிடாரத்தையும் பிள்ளைகளையும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"உங்களுக்குத் தேவையில்லை எண்டால் உவரை எனக்குத் தாங்கோவன்."

கோகுலன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வீட்டுக்குள் கிடந்த குப்பையை யாரோ வந்து ஏற்றிப்போவது போல அவன் முகம் லேசாகியது. "கொண்டு போங்கோ, கொண்டு போங்கோ. ஆரும் கேட்டால் எங்கடை வீட்டிலையிருந்து வந்தது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

அம்மாவின் கைப்பையை நான் எடுத்துக்கொள்ள, மூவரும் விறாந்தையைத் தாண்டிப் படியில் இறங்கிவிட்டோம். பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! பிறேமை விட்டிட்டுப் போங்கோ. அது தேக்கு."

மரியநாயகி அம்மா படியிலேயே நின்றார். படத்தை மெதுவாக வெளியே எடுத்துச் சேலைத் தலைப்பால் போர்த்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வெறும் பிறேமை மார்பிள் படியில் சாய்த்து வைத்தார்.

"உங்கடை சாமானை நீங்கள் வைச்சிருங்கோ ஐயா," என்றார். "எங்கடை மனுசனை நாங்கள் கொண்டு போறம்."

கேற்றுக்கு வெளியே வந்ததும் நான் காறித் துப்பினேன். வீதியில் துப்பினால் பத்மாசினி அக்கா ஏசுவார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.